கண்ணைத் திறந்தபடி இருக்க ஒரு கொட்டில்

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே போகும் ஒரு கிராமத்திலிருந்து 49 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கணவருக்குக் கமம். மகள் வவுனியாவில் படிக்கிறாள். 76 வயது அம்மா கூடவே இருக்கிறார். 2009இல் போருக்குள் இடம்பெயர்ந்து போன வழியில் அண்ணனைப் பறிகொடுத்தவர். நித்திரைக்கும் பதற்றத்துக்கும் ஆஸ்பத்திரி கிளினிக்கில் குளிசை எடுத்து வருகிறார். போன வருடம் ஒரு தியான வகுப்புக்குப் போயிருக்கிறார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்களாம். ஐந்து நிமிடத்தில் "பங்கருக்குள்ள [பதுங்குகுழிக்குள்] மூச்சு முட்டின மாதிரி" வந்து எழுந்து வெளியே ஓடிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் வெட்கமாகி, மறுபடி போகவில்லை.

இப்போது சுவிஸில் இருக்கும் தம்பி நாலு இலட்சம் ரூபாய் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காசில் வளவின் பின்பக்கம் தியானத்துக்கென்று ஒரு மண் அறை கட்ட இவருக்கு ஆசை. போனில் பார்த்த ஒரு படம் மனதில் நிற்கிறதாம்: நிலத்துக்குள் இடுப்பளவு இறக்கிக் கட்டிய வட்ட அறை, யன்னல் கிடையாது, உச்சியில் ஒரு சின்னத் துவாரத்தால் மட்டும் வெளிச்சம் விழுகிறது. கூரைக்குப் பனங்குற்றி போடலாம் என்று அவரே யோசித்து வைத்திருக்கிறார். கணவர், "தனிய இருந்தா யோசனை இன்னும் கூடும், சனம் என்ன கதைக்கும்" என்கிறார். மைத்துனர், பேமிற் காணியில் (அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியில்) இப்படியெல்லாம் கட்டினால் சிக்கல் வரும் என்கிறார். அறை முடிந்ததும் குளிசையை விட்டுவிடலாமா என்று ஒரு கேள்வி. கடைசியில், தியானம் எனக்குச் சரிவராதா என்று இன்னொரு கேள்வி.

கடிதத்தின் நடுவில் இரண்டு வரிகள் இருந்தன, அவற்றை அப்படியே தருகிறேன்: "அந்த நாளில் என்ர கூறைச் சேலையையும் வெட்டி மண்மூட்டை தைச்சனான். இண்டைக்கும் மெசின்ர சத்தம் மட்டும்தான் என்னைக் கொஞ்சம் ஆற விடுது."

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு 49, எனக்கு 46, அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது அழகான ஒரு மண் அறைதான் கண்ணுக்குள் வந்தது. இரண்டாம் தடவை படிக்கும்போது நீங்கள் சொன்னபடியே ஒரு தாளில் கீறிப் பார்த்தேன். நிலத்துக்குக் கீழே இறங்கும் படி, சுற்றிவர மண், யன்னல் இல்லை, தலைக்கு மேலே பனங்குற்றி, உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல். கீறி முடித்ததும் பென்சிலை வைத்துவிட்டேன். நீங்கள் கட்டக் கேட்டிருப்பது ஒரு பங்கர், அக்கா.

இதை நேராகச் சொல்வதால் பயப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அந்த மாதங்களில் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் குழிதான். அதனால் "பாதுகாப்பான இடம்" என்று உடம்பு தேடும்போது அந்தக் குழியின் உருவமே மனதில் எழுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஆனால் மூச்சு முட்டியதும் அதே குழிக்குள்தான். உடம்பு இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறது, நாலு இலட்சம் செலவழித்து அந்த முடிச்சுக்குள் போய் இருக்கப் பார்க்கிறீர்கள். படத்தில் இருந்த அறை அதைக் கட்டியவருக்கு நிம்மதி தந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குழி என்றால் அவருக்குக் குழி மட்டும்தான். உங்களுக்கு அப்படி இல்லையே.

அறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணும் ஓலையும் வெளிச்சமுமாக உங்களுக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அந்த இடம் நிலத்துக்கு மேலே இருக்கட்டும், திறந்து இருக்கட்டும், எழுந்து போக இரண்டு வழி இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் மிச்சமெல்லாம் உங்கள் விருப்பம்.

தியானம் உங்களுக்குச் சரிவராதா?

வகுப்பில் நடந்தது உங்கள் பிழை இல்லை. போரையோ பெரிய இழப்பையோ கடந்து வந்தவர்களுக்கு, கண்ணை மூடி மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது சில வேளை பழைய நினைவுகளுக்குக் கதவைத் திறந்துவிடும். மூச்சடைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு மூச்சே பயத்தின் நினைவாக இருக்கும். இதைத் தெரிந்த பயிற்சியாளர் முதலிலேயே "கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், வேண்டுமானால் எழுந்து போகலாம்" என்று சொல்லியிருப்பார். உங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போனது அந்த நேரத்தில் நீங்கள் செய்த சரியான காரியம்.

தியானம் என்றால் இருட்டு, சத்தமில்லாமை, மூடிய கண், வெறுமையான மனம் என்று ஒரு படம் எங்கள் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. மனம் வெறுமையாவது என்பது பழகியவர்களுக்கே எப்போதாவது வாய்க்கிற ஒன்று. உங்களுக்கு இப்போது வேண்டியது அதைவிடச் சின்ன விஷயம்: இங்கே இருக்கிறேன், இன்று இருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை என்று உடம்புக்கு ஐந்து நிமிடம் தெரிய வேண்டும். அதற்குக் கண் திறந்திருப்பதுதான் உதவும். முன்னால் ஒரு செம்பில் தண்ணீர், அதில் ஒரு செம்பரத்தம் பூ, அதைப் பாருங்கள். உள்ளங்காலைத் தரையில் வைத்து அதன் குளிர்ச்சியைக் கவனியுங்கள். காதுக்கு எட்டும் மூன்று சத்தங்களை மனதுக்குள் பெயர் சொல்லி எண்ணுங்கள்: கோழி, பக்கத்து வளவுக் கிணற்று மோட்டர், வேம்பில் காற்று.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராக வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் சனங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான வழிபாட்டு முறைகளையே பதற்றம் தணிக்கும் பயிற்சியாகப் பயன்படுத்தலாம் என்று வலியுறுத்தியவர். சைவர்களுக்கு ஒரு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவனை நினைந்து ஓதும் திக்ர் என்று. புதிதாக ஒன்றைப் படித்துத் தேற வேண்டியதில்லை. சின்ன வயதில் பாடமாக்கிய தேவாரம் ஒன்று உங்களிடம் இருக்கும், அதை வாய்விட்டு மெதுவாகச் சொன்னால் மூச்சு தானாகவே நீளும், மூச்சை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை.

அப்புறம் உங்கள் தையல் மெசின். கால் மிதிக்கிறது, சில்லு சுழல்கிறது, கண் ஊசிமுனையில், கை துணியை நகர்த்துகிறது. ஒரே தாளம், ஒரே கவனம். அது உங்களை ஆற விடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தியானம் உங்களுக்கு இப்போதே சரிவந்துகொண்டிருக்கிறது. அந்த மெசினில்தான் மண்மூட்டையும் தைத்தீர்கள், அதே மெசின் இன்று ஆறுதலும் தருகிறது என்பதை நான் பலமுறை யோசித்தேன். உங்கள் பலம் எனக்குத் தெரிவது அந்த இடத்தில்தான்.

கட்டுவதற்கு முன் 14 நாள்

ஒரு கல்லும் வைக்க வேண்டாம். தம்பியிடம் காசைக் கொஞ்சம் பொறுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பனையோலைப் பாயை எடுத்துக்கொண்டு வளவில் நாலைந்து இடத்தில் இருந்து பாருங்கள். விடிய ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால், ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போதும். எந்த இடத்தில் தோள் தானாக இறங்குகிறது, எங்கே திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்கிறீர்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வளவின் பின்மூலையைத் தெரிவு செய்திருக்கிறீர்கள், ஒருவர் கண்ணும் படாது என்பதற்காக. இருந்து பார்த்தால், வீட்டையும் அம்மாவையும் பார்க்க முடிகிற ஒரு வேம்படி அதைவிட நல்லது என்று உடம்பு சொன்னாலும் சொல்லும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு பழைய தாச்சியில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில், கணவரோ அம்மாவோ அருகில் இருக்கும்போது, கொஞ்ச நேரம் இருங்கள். இயற்கைப் பொருள் என்றால் எல்லோருக்கும் அமைதி என்று எழுதுகிறார்கள். ஈர மண்ணின் மணம் சிலருக்கு மழையை நினைவூட்டும், சிலருக்கு அந்தக் குழியை. உங்களுக்கு எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நெஞ்சு இறுகினால் தாச்சியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நடங்கள். அப்படி வந்தால் மண் சுவரையே விட்டுவிடலாம், மரமும் ஓலையும் பனைமட்டையும் மட்டும் வைத்து நல்ல கொட்டில் போடலாம். அல்லது சுவருக்குச் சுண்ணாம்பு பூசி நன்றாகக் காய விட்டால் மணமும் ஈரமும் பெரும்பாலும் அடங்கிவிடும், உள்ளே வெளிச்சமும் கூடும்.

பனங்குற்றியைப் பற்றியும் இதே பேச்சுத்தான். பங்கர்களுக்கு மேலே போட்டது அதைத்தானே. தியானத்துக்கு இருக்கும்போது அண்ணாந்தால் அது தெரிய வேண்டுமா? கூரை வளைக்குப் பூவரசோ வேம்போ வேறு தடியோ பாருங்கள்.

எப்படிப்பட்ட கொட்டில்

நான் மேசன் இல்லை, ஓடாவியாரும் இல்லை. ஆனால் மண் வீட்டில் பிறந்து வளர்ந்தவன், இந்த உளவளத்துணை வேலையில் பல வீடுகளின் மாலில் (திறந்த கொட்டிலில்) பாய் போட்டு இருந்து கதைத்தவன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஐயா வீட்டு மால் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முந்தின இரவு மழை. அவர் மனைவி விடியவே தரையைச் சாணத்தால் மெழுகியிருந்தார். கை போன வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, மீன் செதில் மாதிரி, காய்ந்துகொண்டே வந்தன. வெயில் தாழ்வாரத்துக்குக் கீழால் நுழைந்து முதலில் வாசல் ஓரத்தில் ஒரு கோடாக விழுந்தது, நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நகர்ந்து பாயின் விளிம்புக்கு வந்து, பிறகு ஐயாவின் முழங்காலில் ஏறியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு அந்த வெளிச்சத்தில் கையை வைத்துப் பார்த்தார். அன்று அவர் சொன்ன எதையும்விட அதுதான் எனக்கு ஞாபகம். அறையின் வேலை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன், நேரம் நகர்வதைக் காட்டிக்கொண்டிருப்பது. உச்சித் துவாரத்தால் விழும் ஒற்றை வெளிச்சம் அதைக் காட்டாது, சுற்றியிருக்கிற இருட்டைத்தான் கூட்டிக் காட்டும்.

எட்டடிக்குப் பத்தடி போதும். மேற்கிலும் தெற்கிலும் முழுச்சுவர் வையுங்கள், ஓரடித் தடிப்பில். பின்னேர வெயிலும், வைகாசியிலிருந்து புரட்டாதி வரை புழுதியை வாரிக்கொண்டு வரும் சோளகக் காற்றும் அந்தப் பக்கத்தால்தான் வரும். அந்தச் சுவர் மூலையில் முதுகைச் சாய்த்து வடகிழக்கைப் பார்த்து இருந்தால் பின்னால் யாரும் வர முடியாது என்று உடம்புக்குத் தெரியும், முன்னால் முழுவதும் கண்ணுக்கு முன் இருக்கும். கிழக்கிலும் வடக்கிலும் இரண்டடி அரைச்சுவர் மட்டும், அதில் பக்கத்துக்கு ஒரு வழி விட்டு. நிலத்தில் இருந்தால் தலை மட்டும் மேலே தெரியும், வீதியால் போகிறவர்களுக்கு உடம்பு தெரியாது. கதவு வேண்டாம். வேண்டும் என்று தோன்றினால் ஒரு பருத்தித் திரை, அதைத் தைப்பதா வேண்டாமா என்பதை அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள்.

வடக்கால் நேர்வெயில் வரவே வராது என்று எங்கோ படித்ததாக எழுதியிருந்தீர்கள். அது தூர நாடுகளுக்குப் பொருந்தும், எங்களுக்கு முழுக்கப் பொருந்தாது. கிளிநொச்சியில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி உச்சிச் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது, அதிலிருந்து ஆவணி வரை கொஞ்சம் வடக்குப் பக்கமாகவே கடந்து போகும், மார்கழியில் நன்றாகத் தெற்கே சாயும். ஆனாலும் வடக்கில் சாயும் உச்சி வெயில் செங்குத்தாகவே விழுவதால் தாழ்வாரத்தை மூன்றடி வெளியே இழுத்துவிட்டால் உள்ளே வராது. சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், சூடான காற்று அதால் போய்விடும், மெல்லிய வெளிச்சமும் அதால் வரும். பனைமட்டைத் தட்டி வழியாகக் கோடு கோடாக விழும் வெயில் படத்தில் மிக அழகாக இருக்கும். காற்றுக்கு அந்தக் கோடுகள் ஆடும்போது திடுக்கிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் ஒரு தட்டியை மட்டும் கட்டி ஒரு வாரம் பாருங்கள்.

கூரை ஓலைதான், இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். செலவு குறைவு என்று தம்பி தகரம் சொல்லியிருக்கிறார். தகரம் மத்தியான வெயிலில் விரிந்து திடீரென்று டக் என்று வெடிக்கும், பெருமழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பதும் கேட்காது. இதெல்லாம் யாருக்கும் தொல்லைதான், உங்களுக்கு அது வெறும் தொல்லையோடு நிற்காது. ஓலை மழையின் சத்தத்தை வாங்கி உள்ளே ஒரு முணுமுணுப்பாகத்தான் விடும். கிடுகு (பின்னிய தென்னோலை) இரண்டு மாரி தாங்கினாலே பெரிது, பனையோலை நெருக்கமாகவும் சரிவாகவும் வேய்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டிப் போடும் யோசனையை மட்டும் முற்றாக விட்டுவிடுங்கள். வெட்டும்போதும் துளை போடும்போதும் பறக்கும் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

மண் கலவைக்கு உங்கள் ஊரில் தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். இருந்தாலும் நீங்களே ஒரு பிடி குழைத்து உருட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். பொலபொலவென்று உடைந்தால் மணல் கூட, அப்பிக்கொண்டு தட்டையானால் களியோ தண்ணீரோ கூட. நாலு சின்னக் கற்கள் பிடித்து நிழலில் ஒரு வாரம் காய வைத்து வெடிப்பையும் பாருங்கள். வெடித்தால் மணலையும் நறுக்கிய வைக்கோலையும் கூட்ட வேண்டும். குந்து, அதாவது தரையை உயர்த்தும் மேடை, இரண்டடி உயரமாவது இருக்க வேண்டும், அடிக்குக் கருங்கல். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தபோது உங்கள் பக்கம் வெள்ளம் எவ்வளவு நின்றது என்று அம்மாவுக்குத் தெரியும், அவர் காட்டும் அடையாளத்துக்கு மேலே குந்து வரட்டும். மரக்கால்களை மண்ணுக்குள் நட வேண்டாம், கல்லின் மேல் நிறுத்துங்கள், கறையான் ஏறும் மண் கோடு உடனே கண்ணில் படும்.

மண் கொட்டில் என்றால் செலவே இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பொருளுக்குக் குறைவுதான், கூலிக்குக் குறைவில்லை. வருடா வருடம் பூச வேண்டும், மாதத்தில் இரண்டு தடவையாவது மெழுக வேண்டும், ஓலை மாற்ற வேண்டும். நாலு இலட்சத்தையும் ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். மெழுகுவதை வேலையாக நினைக்காதீர்கள், கை வளைவு வளைவாகப் போகும் அந்த அரை மணித்தியாலம் உங்கள் மெசினைப் போலத்தான்.

பேமிற், பனை, பாம்பு, நெருப்பு

மைத்துனர் சொன்னதில் பாதி சரி. பேமிற் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது, நிபந்தனைகள் பேமிற்றிலேயே எழுதியிருக்கும். குடியிருக்கிற வளவுக்குள் ஒரு ஓலைக் கொட்டில் போடுவதற்காக காணியைப் பறிப்பார்கள் என்று பயப்படத் தேவையில்லை. ஆனாலும் பேமிற்றை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்கு ஒரு நடை போய்வாருங்கள், நிரந்தரக் கட்டடமாக மாறுவதானால் பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) முதலே சொல்லி வைத்தால் பிறகு கதை வராது. பனை உங்கள் வளவில் நின்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது, முதிரை, பாலை போன்ற மரங்களை வெட்டுவதற்கும் ஏற்றிப் பறிப்பதற்கும் அப்படியே. யாராவது "நான் இரவோடு இரவாகக் கொண்டுவந்து தாறன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பிடிபட்டால் வழக்கு உங்கள் வாசலுக்கும் வரும்.

அத்திவாரத்துக்கு மண் வெட்டும்போது, வளவு கண்ணிவெடி அகற்றிய இடமாகவே இருந்தாலும், தெரியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ தட்டுப்பட்டால் தொட வேண்டாம், தோண்டுவதை நிறுத்திவிட்டு விதானையாருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். இதை எழுதும்போது எனக்கே மனம் கனக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. தோண்டும் நாளில் நீங்கள் அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்றும் இல்லை. கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓலைக்குள் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். புடையனும் விரியனும் எங்கள் பக்கம் புதிதில்லை. பாயைச் சுருட்டிக் கொடியில் தொங்கவிடுங்கள், இருக்குமுன் உதறுங்கள், கொட்டிலைச் சுற்றிப் பற்றையோ விறகோ அடுக்க வேண்டாம், இரவில் அங்கே நிலத்தில் படுக்கவே வேண்டாம். விளக்கு வைக்க ஆசையென்றால் ஓலை எட்டாத இடத்தில், மணல் நிரப்பிய சட்டிக்குள், நீங்கள் இருக்கும் நேரம் மட்டும்.

குளிசை

கொட்டில் குளிசைக்கு மாற்று ஆகாது. நித்திரைக்கும் பதற்றத்துக்கும் எடுக்கும் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் பழையது இன்னும் கூடித் திரும்பலாம், சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் உடம்புக்கே ஆபத்து. குறைக்கலாமா என்பதைக் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள், குறைப்பதானால் அவர் படிப்படியாகத்தான் குறைப்பார். இப்படி ஒரு இடம் அமைக்கிறேன் என்றும் அவரிடம் சொல்லுங்கள், அவருக்கும் அது உதவும். இருந்து பழகும் நாட்களில் நித்திரை இன்னும் குறைந்தால், பழைய காட்சி வந்து நிற்கும்போது இன்றைய இடமே மறந்துபோகிற அளவுக்கு இருந்தால், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், பயிற்சியை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். இரவு நேரமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கணவருக்கு என்ன சொல்வது

அவர் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் பயப்படுகிறார் என்றுதான் படுகிறது. வகுப்பிலிருந்து நீங்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவர் அவர். யன்னல் இல்லாத அறையொன்றுக்குள் மனைவி தனியாகப் போய் இருப்பாள் என்று கேட்டால் எந்த மனிதனுக்கும் வயிறு கலங்கும். அவரும் அந்தப் பங்கருக்குள் இருந்தவர்தானே, அவரிடம் யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. அவருக்குப் புதிய கீறலைக் காட்டுங்கள். இரண்டு பக்கம் திறந்தது, அடுப்படியில் நின்று பார்த்தால் தெரியும், ஐந்து நிமிடம் மட்டும், வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள். குந்துக்குக் கல் அடுக்கும் வேலையை அவரிடமே கேளுங்கள். சனம் என்ன கதைக்கும் என்பதற்குப் பதில் சுலபம்: பின்னேரங்களில் அம்மாவை அங்கே இருத்தி ஓலைப்பெட்டி இழைக்கச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து இருப்பார்கள், ஒரு மாதத்தில் அது ஊருக்கே பழகிய மாலாகிவிடும். உங்கள் ஐந்து நிமிடத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிமையும் சத்தமில்லாமையும் இருந்தால்தான் மனம் அடங்கும் என்று நீங்கள் நினைப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்கும்போது இறங்கிப் பார்த்திருப்பீர்கள். லொறிச் சத்தம், கச்சான் விற்கும் பெண்களின் கூவல், தேங்காய் உடையும் சத்தம், அதற்கு நடுவில் அந்தச் சின்னப் பிள்ளையாருக்கு முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு அரை நிமிடம் நிற்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். அடுத்த தடவை போகும்போது நீங்களும் நின்று பாருங்கள், கண்ணைத் திறந்தபடி.

14 நாள் கொப்பியை எனக்கு அனுப்புங்கள், முக்கியமாக ஈர மண் சோதனை எப்படிப் போனது என்று. அதைப் பார்த்துவிட்டு மண்ணா மரமா என்று முடிவெடுப்போம். ஓலை வேய்கிற ஆளிடம் மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். ஆவணிக்குள் கூரை ஏற வேண்டும், ஐப்பசி நெருங்கினால் ஊரெல்லாம் அவரைத்தான் தேடும், பிறகு பிடிக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்